மீற்றரை மாற்றினால் போதுமா?

திருகோணமலையின் மோட்டார் சைக்கிள் கராஜ்களில் அடிக்கடி நடைபெறும் ஒரு வேலையைப் பற்றி எழுத வேண்டுமென்று சில காலமாகவே எண்ணியிருந்தேன். ஒரு மோட்டார் சைக்கிளின் சுழற்சிமானியைக் கழற்றி வேறொரு மோட்டார் சைக்கிளில் பொருத்தும் வேலை அது. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை தடவை சுழல்கிறது என்பதைக் காட்டும் கருவியே சுழற்சிமானி. கராஜ்காரர் அதனை ‘ஆர்.பி.எம். மீற்றர்’ என்பார்கள். வழக்கமாக அரசியலும் மொழியும் பேசப்படும் இப்பக்கத்தில் இது எதற்கு என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். நம் ஊரின் கைத்தொழில் அறிவு எப்படி உருவாகிறது, எப்படி அழிந்துபோகிறது என்பதை இச்சிறிய வேலை எனக்குத் தெளிவாகக் காட்டுகிறது. அதனாலேயே எழுதுகிறேன்.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் எஞ்சினின் மானியை இன்னோர் எஞ்சினுக்குப் பொருத்துவதில் தவறேதும் இல்லை. அது மதிக்கத்தக்க வேலை. ஆனால் மானியைப் பூட்டிவிட்டு அளவைச் சரிபார்க்காமல் விடுவது, மானியே இல்லாமல் ஓடுவதைவிடக் கெடுதியானது. அந்தச் சரிபார்ப்புக்கு வேண்டிய அறிவு நம் கராஜ்களில் இருக்கிறது. தமிழில் எழுத்தில்தான் இல்லை. எழுதப்படாவிட்டால் அது நம் கண்முன்னே போய்விடும்.

இந்த வேலை ஏன் பெருகியது? 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைச் சேமிக்கும் பொருட்டு இலங்கை அரசு வாகன இறக்குமதியை இடைநிறுத்தியது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு அத்தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளில் புது வண்டி வாங்க இயலாதவர்கள் பழைய வண்டிகளையே கட்டிக்காத்தார்கள். இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிய ஹொண்டா சி.டி. 125களும், தபாற்காரர் வண்டி என்று அறியப்பட்ட எம்.டி. 90களும், பஜாஜ் வண்டிகளும் உடைந்த பாகங்களுக்கு மாற்றுத் தேடி ஒன்றையொன்று உண்டு வாழ்ந்தன. ஒரு வண்டியின் காபரேற்றர் இன்னொன்றுக்குப் போனது. ஒன்றின் விளக்கு மற்றொன்றுக்குப் போனது. மீற்றரும் அவ்வாறே போனது.

நமக்கு இது புதிய பழக்கமுமன்று. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்கான எரிபொருள் தடைசெய்யப்பட்டிருந்த ஆண்டுகளில், பெற்றோலுக்கென்று ஆக்கப்பட்ட மோட்டார் சைக்கிள்களையும் கார்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டிய மக்கள் நாம். சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொண்டார்கள். சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். அந்நாட்களில் கைதேர்ந்த தொழிலாளர் ஒரு பொருளுக்குப் பதில் இன்னொன்றை வைத்ததோடு நின்றுவிடவில்லை என்பதை இன்றைய இளைஞர்கள் அறிய வேண்டும். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் எளிதில் ஆவியாவதில்லை. எஞ்சினுள் அதற்குத் தட்டும் இயல்பும் அதிகம். ஆகவே காற்றையும் எரிபொருளையும் கலக்கும் விகிதத்தைத் திருத்தினார்கள். தீப்பொறி விழும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளினார்கள். எதை மாற்றினாலும் அதோடு சேர்ந்த கணக்கையும் மாற்றவேண்டும் என்பது அவர்களுடைய தொழில் விதி.

மீற்றர் விடயத்தில் அந்த விதி இப்போது கைவிடப்படுகிறது என்பதே என் கவலை.

கணக்கு எங்கே பிழைக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, கருவி எப்படி வேலைசெய்கிறது என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும். சுழற்சிமானி 1817இலேயே ஜெர்மானியரான டீட்ரிக் ஊல்ஹோர்ன் என்பவரால் இயந்திரங்களின் வேகத்தை அளக்க அமைக்கப்பட்டது. மோட்டார் சைக்கிள்களில் இருவகை மானிகள் உண்டு. பழைய வகை கேபிளால் இயங்குவது. எஞ்சினின் சுழலும் தண்டொன்றிலிருந்து பற்சக்கரம் வழியாகக் கேபிள் சுழலும். அதன் மறுமுனையிலுள்ள காந்தம், தன்னைச் சூழ்ந்த அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும். மெல்லிய சுருள்வில் அந்த இழுவையை எதிர்த்து நிற்கும். இரண்டும் சமப்படும் இடத்தில் முள் நிற்கும். எஞ்சின் எத்தனை தடவை சுழன்றது என்பது இம்மானிக்குத் தெரியாது. கேபிள் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பது மட்டுமே தெரியும். எஞ்சினின் எத்தனை சுற்றுக்குக் கேபிள் ஒரு சுற்றுச் சுழலும் என்ற விகிதத்தை, மானியைச் செய்தவர் முகப்பின் எண்களுக்குள் முன்கூட்டியே பொதித்து வைத்துவிட்டார்.

அந்த விகிதம் வண்டிக்கு வண்டி மாறும். பி.எஸ்.ஏ., ட்ரையம்ப் போன்ற பிரித்தானிய வண்டிகளுக்கு வந்த ஸ்மித்ஸ் மானிகளில் 3:1, 4:1 என்று வெவ்வேறு வகைகள் இருந்தன. வெளித்தோற்றத்தில் அவை ஒன்றுபோலவே இருக்கும். கேபிளின் மரையும் ஒன்றாகவே பொருந்தும். 4:1 விகிதத்துக்குச் செய்த மானியை 3:1 விகிதத்தில் கேபிள் சுழற்றும் எஞ்சினில் பூட்டினால், எஞ்சின் 6,000 சுற்றில் ஓடும்போது முள் 8,000ஐக் காட்டும். மாற்றிப் பூட்டினால் எஞ்சின் 8,000இல் கதறும்போது முள் 6,000 என்று அமைதியாகச் சொல்லும். மரை பொருந்தியதால் எல்லாம் பொருந்திவிட்டதென்று நினைப்பவருக்கு இந்த மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாம் வகை மின்னணு மானி. இது தீப்பொறித் துடிப்புகளை எண்ணுகிறது. இங்கே சிக்கல் இன்னும் நுட்பமானது. நான்கடிப்பு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் எரிபொருள் எரிகிறது. அப்படியானால் இரண்டு சுற்றுக்கு ஒரு தீப்பொறி போதும். ஆனால் நம் வீதிகளில் ஓடும் ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளில் பெரும்பாலானவற்றில், தீப்பொறிக்குச் சைகை கொடுக்கும் உணரி மக்னெற் சக்கரத்தருகே இருப்பதால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி விழுகிறது. அவற்றில் பாதி, புகை வெளியேறும் வேளையில் வீணே விழும் பொறிகள். பழைய என்ஃபீல்ட் புல்லட்டிலோ பொறியை ஆளும் அமைப்பு எஞ்சினின் பாதி வேகத்தில் சுழல்கிறது. ஆகவே இரண்டு சுற்றுக்கு ஒரு பொறிதான். நான்கு சிலிண்டர் காரின் பழைய டிஸ்ரிபியூற்றரிலோ ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகள்.

ஒரு சுற்றுக்கு ஒரு துடிப்பு வரும் என்று கணக்கிட்ட மானியைப் பழைய புல்லட்டில் வைத்தால் பாதியைக் காட்டும். இரண்டு சுற்றுக்கு ஒன்று என்று கணக்கிட்ட மானியைச் சாதாரண ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் வைத்தால் இரட்டிப்பாகக் காட்டும். இரட்டிப்பாகக் காட்டும் மானியைக் கண்டு பயந்த ஓட்டுநர், எஞ்சின் போதிய வேகம் எடுக்குமுன்பே கியரை மாற்றுவார், எஞ்சின் திணறும், பெற்றோலும் கூடச் செலவாகலாம். பாதியைக் காட்டும் மானியை நம்புபவர் எஞ்சினை அதன் எல்லைக்கு அப்பால் விரட்டுவார். வால்வு சுருள்வில்லும் கொனெக்ரிங் ரொட்டும் அதன் விலையைக் கொடுக்கும்.

என் அயலில் உள்ள இளைஞர் ஒருவர் இத்தகைய மானியொன்றை வாங்கிப் பூட்டியிருந்தார். பழுதடைந்த ஒரு வண்டியிலிருந்து கழற்றியது. முகப்பு அழகாக ஒளிரும். எஞ்சின் சும்மா நிற்கையில் அது 700 என்று காட்டியது. துறைமுகப் பக்கத்தில் கராஜ் வைத்திருக்கும், ஊரார் ‘பாஸ்’ என்று அழைக்கும் மூத்த தொழிலாளி ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றேன். கிண்ணியாவைச் சேர்ந்தவர், மோட்டார் சைக்கிளும் பார்ப்பார், படகு எஞ்சினும் பார்ப்பார். மீற்றரைப் பார்க்காமல் எஞ்சின் சத்தத்தை அரை நிமிடம் கேட்டுவிட்டு, “ஐயா, இது 1,400க்குக் குறையாத சத்தம். 700ல இந்த எஞ்சின் நின்றுபோயிரும்” என்றார். பிறகு இளைஞரிடம், “மீற்றர் பழுதில்ல தம்பி. அது இன்னும் பழைய எஞ்சினத்தான் எண்ணிக்கிட்டு இருக்கு” என்றார்.

ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு என்று கணக்கிட்ட மானி அது. புதிய வண்டி கொடுப்பதோ ஒன்று. முகப்பில் சிவப்புக் கோடு 9,000இல் தொடங்குகிறது. அந்த இளைஞர் சிவப்பைத் தொடாமல் ஓட்டுவதாகவே எண்ணிக்கொண்டு 4,500இல் ஓட்டியிருந்தால், எஞ்சின் உண்மையில் 9,000இல் ஓடியிருக்கும். இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். துடிப்புக் கணக்கைத் திருத்திவிட்டாலும் அந்தச் சிவப்புக் கோடு பழைய எஞ்சினுக்கு உரியதுதான். எல்லை என்பது பிஸ்டனின் வீச்சுத் தூரத்தையும், வால்வுகளின் எடையையும், அவற்றின் சுருள்வில்லையும் பொறுத்தது. 9,000 சுற்றைத் தாங்கும் எஞ்சினின் முகப்பை 7,500க்கு மேல் போகக்கூடாத எஞ்சினில் வைத்தால், எண்கள் சரியாக இருந்தும் எச்சரிக்கை பிழையாகிவிடும். ஆகவே எண்ணுக்கு ஒரு திருத்தமும் கோட்டுக்கு ஒரு திருத்தமும் தேவை. கோட்டைத் திருத்த ஒரு சொட்டுச் சிவப்பு நிறப்பூச்சே போதும்.

மின் இணைப்பிலும் எச்சரிக்கை வேண்டும். தீப்பொறிக் கொயிலின் முதற்சுற்றில் எழும் மின்னழுத்தம் 12 வோல்ற்று அன்று, சி.டி.ஐ. வகைகளில் அது இருநூறு, முந்நூறு வோல்ற்று வரை போகும். தாழ்ந்த அழுத்தச் சைகைக்காக ஆக்கப்பட்ட மானியின் கம்பியை நேரே அங்கே முறுக்கினால் மானி கருகிவிடும். எரிபொருளைக் கணினி வழி ஊசியேற்றும் புதிய வண்டிகள் சிலவற்றில் மானிக்குப் போவது துடிப்பே அன்று. கணினி அனுப்பும் தரவு. அத்தகைய மானியைப் பழைய வண்டிக்குக் கொண்டுவந்தால் முள் அசையாது.

படகுகளுக்கு வருகிறேன். இந்த ஊரில் மோட்டார் சைக்கிளையும் படகு எஞ்சினையும் ஒரே கை பழுதுபார்ப்பதால், மானிகளும் இரண்டுக்குமிடையே பயணம் செய்கின்றன. மீன்பிடிக்கும் சிறு படகுகளில் பெரும்பாலும் மானி இல்லை, காதுதான் மானி. திமிங்கிலம் காட்ட வெளிநாட்டவரை ஏற்றிச் செல்லும் சுற்றுலாப் படகுகளில் சுழற்சிமானி இருக்கிறது. வெளியிணைப்பு எஞ்சினின் மானி தீப்பொறியை எண்ணுவதில்லை. மின்னாக்கியின் காந்தத் துருவங்கள் எழுப்பும் துடிப்பை எண்ணுகிறது. துருவங்கள் 4 என்றால் ஒரு சுற்றுக்கு 2 துடிப்பு. 12 என்றால் 6 துடிப்பு. ஆகவே அம்மானிகள் பலவற்றின் பின்புறத்தில் துருவ எண்ணைத் தெரிவுசெய்யும் சிறு திருகியொன்று இருக்கிறது. 4 துருவத்துக்கு வைத்த மானியை 12 துருவ எஞ்சினில் பூட்டினால் அது மூன்று மடங்கு காட்டும்.

கடலில் இதன் விளைவு வேறு. எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டும்போது அது தயாரிப்பாளர் குறித்த சுற்று எல்லைக்குள் வருகிறதா என்று பார்த்தே சுழலியின் அளவைத் தெரிவுசெய்கிறார்கள். சுழலியின் புரி இடைவெளியை ஓர் அங்குலம் மாற்றினால் ஏறத்தாழ 150 முதல் 200 சுற்று மாறும் என்பது படகுத் தொழிலாளர் அறிந்த கணக்கு. மூன்று மடங்கு பொய்யை எவரும் கண்டுபிடித்துவிடுவர். ஐந்தில் ஒரு பங்கு பொய்யை எவரும் காணமாட்டார்கள். அதை நம்பிச் சுழலியை மாற்றியவர் தேவையற்ற எரிபொருளை ஒவ்வொரு நாளும் எரிப்பார்.

எரிபொருள் நம் ஊரில் சிறிய விடயமன்று. சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள் 99ஐப் பகிர்ந்துகொள்வது பற்றி 2022 ஜனவரியில் இலங்கையும் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளையும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதே ஆண்டின் நடுப்பகுதியில் அத்தாங்கிகளிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றார்கள். கியூ.ஆர். குறியீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர். அவ்வாண்டு ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் உயர்ந்தது. மீனவர் வீடுகளில் அதன் அடி எப்படி விழுந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. எஞ்சினை எந்த வேகத்தில் ஓட்டினால் சிக்கனம் என்பதை அறியச் சுழற்சிமானியைத் தேடியவர்கள் பலர் அந்நாட்களில்தான் தேடினார்கள். அவர்களுக்கு அது அலங்காரமன்று.

இதை நான் வலியுறுத்தக் காரணமுண்டு. 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தின்கீழ் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் உள்ள மேலதிகப் பொருத்துகளை அகற்றும் நடவடிக்கையைப் பொலிஸார் தொடங்கியபோது, தொழிற்சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. கண்ணைக் கூசவைக்கும் விளக்குகளையும் காதைப் பிளக்கும் ஹோர்ன்களையும் நான் ஆதரிக்கவில்லை. ஆனால் ‘கம்பனி பூட்டாத எதுவும் கழற்றப்பட வேண்டியது’ என்ற மனப்பான்மை பரவினால், கைத்திறனும் அதனோடு சேர்த்துக் கழற்றப்படும். கேட்க வேண்டிய கேள்வி, இப்பொருத்து ஆபத்தானதா, உண்மையைச் சொல்கிறதா என்பதே. அக்கேள்வியைப் பொலிஸாரைவிடப் பொருத்துபவரே முதலில் கேட்க வேண்டும்.

சிறு கராஜ்காரரின் கல்விக் குறைவால் மட்டும் நேரும் பிழை இது என்று எவரும் எண்ண வேண்டாம். 1996 ஜூன் 4ஆம் திகதி ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஏரியன் 5 ராக்கெட் தன் முதற்பயணத்தில் கூரூ ஏவுதளத்திலிருந்து புறப்பட்டு ஏறத்தாழ 40 விநாடிகளில் சிதறியது. ராக்கெட்டின் நிலையையும் வேகத்தையும் அளக்கும் கருவியின் மென்பொருளை, முன்னைய ஏரியன் 4இலிருந்து எடுத்து அப்படியே பயன்படுத்தியிருந்தார்கள். பழைய ராக்கெட்டின் கிடைவேகத்துக்குப் போதுமாயிருந்த எண்வரம்பு, வேகம் மிகுந்த புதிய ராக்கெட்டுக்குப் போதவில்லை. 32,767க்கு மேற்பட்ட எண்ணைத் தாங்கமுடியாமல் கருவி செயலிழந்தது. அது வெளியிட்ட பிழைச் செய்தியைப் பறப்புத் தரவு என்று எடுத்துக்கொண்ட கணினி ராக்கெட்டைத் திசைதிருப்பியது. கருவியில் உடைவில்லை. அது பழைய எஞ்சினுக்குரிய கணக்கோடு இருந்தது. கிண்ணியாக்காரர் சொன்னதும் அதுதானே!

விஞ்ஞானிகளுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம், அதற்குப் பின் நடந்ததில் இருக்கிறது. அவர்கள் விசாரணைக் குழு அமைத்து, பிழை எங்கே நேர்ந்தது என்பதை ஓர் அறிக்கையாக எழுதி, சில வாரங்களில் உலகறிய வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் பொறியியல் மாணவர் அதைப் பாடமாகப் படிக்கின்றனர். நம் பாஸ் சொன்னதோ அந்தக் கராஜின் கூரையைத் தாண்டவில்லை.

அவருக்குத் தெரிந்தவை எத்தனை! மானியைச் சரிபார்க்க அவர் கையாளும் முறைகளில் இரண்டை இங்கே எழுதுகிறேன், பயன்படக்கூடும். முதலாவது, பழைய சோக் வைத்த குழல்விளக்கு. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 அலைகள். எனவே அவ்விளக்கு விநாடிக்கு 100 தடவை ஒளிர்ந்து மங்குகிறது. மூடியைக் கழற்றினாலும் எண்ணெய் சிந்தாத எஞ்சின்களில், மக்னெற் சக்கரத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, இருட்டறையில் அவ்விளக்கின் கீழ் ஓடவிட்டால், 1,500 சுற்றில் நான்கு கோடுகள் அசையாமல் நிற்பதாகத் தெரியும், 2,000இல் மூன்று, 3,000இல் இரண்டு. அந்த இடங்களில் முள் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். சக்கரம் நிற்பதுபோல் தோன்றினாலும் நிற்கவில்லை. கை வைத்தால் கை போய்விடும். எல்.ஈ.டி. விளக்குகள் பலவற்றில் இம்முறை சரிவராது.

இரண்டாவது, ஓட்டிப் பார்த்துக் கணக்கிடுவது. மேற்கியரில் எஞ்சின் எத்தனை சுற்றுச் சுழன்றால் பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுழலும் என்பது வண்டியின் கையேட்டில் உள்ள பல் எண்ணிக்கைகளிலிருந்து கிடைக்கும். அது 10 என்று கொள்வோம். சக்கரத்தின் சுற்றளவை அளவுநாடாவால் அளந்தால் 1.9 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 கிலோமீற்றர் என்பது நிமிடத்துக்கு 833 மீற்றர், அதை 1.9ஆல் வகுத்து 10ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 4,390. கைப்பேசியின் ஜி.பி.எஸ். 50 என்று காட்டும்போது மானி 4,400ஐ அண்டிக் காட்ட வேண்டும். 2,200 என்றால் பாதி, 8,800 என்றால் இரட்டிப்பு. பாடசாலையில் எட்டாம் வகுப்பு முடித்த எவரும் செய்யக்கூடிய கணக்கு. நிலாவெளி வீதியில் பின்னால் ஒருவரை ஏற்றி அவரிடம் கைப்பேசியைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் முடியும்.

இவற்றையெல்லாம் அவர் எங்கே படித்தார் என்று கேட்டேன். சிறுவயதில் தன் பாஸிடம் பார்த்துப் பழகியதாகச் சொன்னார். அவரிடம் பழகியவர்கள் எங்கே என்று கேட்டேன். மூவர் கட்டாரில், ஒருவர் சவூதியில் என்றார். இப்போது கராஜில் இருக்கும் பையன் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறான்.

போகிறவர்களைத் தடுக்க நமக்கு உரிமையில்லை. போகுமுன் எழுதி வைக்கும்படி கேட்கும் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். மானியொன்றை மாற்றிப் பூட்டும் ஒவ்வொரு கராஜும் ஒரு கொப்பியில் ஆறு விடயங்களைக் குறித்தால் போதும்: எந்த வண்டியின் மானி, எந்த வண்டிக்கு, கேபிள் விகிதம் அல்லது சுற்றுக்கான துடிப்பு எத்தனை, சைகைக் கம்பியின் நிறம், சரிபார்த்தபோது கண்ட வித்தியாசம், புதிய எஞ்சினின் உச்ச எல்லை. இவை ஆறையும் சிறு சீட்டில் எழுதி மானியின் முதுகில் ஒட்டிவிட்டால், அடுத்த கைக்கு வண்டி மாறும்போது வாங்குபவருக்கும் தெரியும்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. மாணவர்கள் தம் செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடுகின்றனர். துடிப்பு எண்ணிக்கையைத் திருத்திக் கொடுக்கும் சிறு மின்சுற்றொன்றை மலிவாகச் செய்வது அவர்களால் இயலாத வேலையன்று. ஊர்க் கராஜ்களின் கொப்பிகளைத் தொகுத்து ஒரு தமிழ்க் கையேடாக்குவதும் அவ்வாறே. கராஜில் கற்ற தொழிலைப் பரீட்சித்துச் சான்றிதழ் வழங்கும் ‘முன்கற்றலை அங்கீகரித்தல்’ என்ற முறை தேசிய தொழிற்தகைமைத் திட்டத்தில் ஏற்கெனவே உண்டு. நம் தொழிலாளர் பலர் அதை அறியவில்லை. அறிந்தவர்களும் படிவங்களுக்கு அஞ்சி ஒதுங்குகின்றனர். பாஸ் போன்றவர்களுக்கு அப்படிவத்தை நிரப்பிக் கொடுக்க, படித்த நாம் ஒரு பிற்பகலைச் செலவிடலாம்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் வாகனத் தொழிலில் இருக்கும் நம்மவர் பலர். பழைய ஜப்பானிய வண்டிகளின் பழுதுபார்ப்புக் கையேடுகள் உங்கள் நகரங்களில் எளிதில் கிடைக்கின்றன. ஊருக்குப் பணம் அனுப்புவோர், மானிகளுக்கான பக்கங்களை மட்டுமாவது தமிழாக்கி அனுப்பினால் அது பல ஆண்டுகள் நின்று பயன்தரும்.

அயலிலுள்ள இளைஞரின் வண்டிக்கு, துடிப்பை இரட்டிப்பாக்கும் சிறு சுற்றொன்றைப் பாஸ் தாமே பற்றாசு வைத்துச் செய்து கொடுத்தார். எல்லைக் கோட்டையும் சிவப்பு நிறப்பூச்சால் புதிதாக இட்டார். கூலியாக வாங்கியது மிகக் குறைவு. என்ன செய்தார் என்பதை வரைபடத்தோடு எழுதித் தரும்படி கேட்டிருக்கிறேன். தமக்கு எழுத வராது, தாம் சொல்லச் சொல்ல நானே எழுதிக்கொள்ளும்படி கூறியிருக்கிறார். வரும் வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்தபின், கொப்பியோடு போகிறேன். மற்ற ஊர்களிலும் யாராவது இவ்வாறு ஒரு கொப்பியோடு ஒரு கராஜுக்குப் போனால் மகிழ்வேன்.